உடன்குடி முருங்கை நம் செல்லுக்குள் என்ன செய்கிறது?

தூத்துக்குடி மாவட்டத்தின் உடன்குடி வட்டாரத்துத் தேரிக்காட்டு மண் இரும்பு ஆக்சைடு ஏறிச் செக்கச்செவேலென்று இருக்கும். மழை குறைவு, பெய்கிற மழையும் நிற்காமல் மணலுக்குள் இறங்கிவிடும். சித்திரை வெயிலில் அந்த மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அங்கே பனை நிற்கிறது, உடைமரம் நிற்கிறது, கொஞ்சம் தண்ணீர் காட்டினால் முருங்கையும் செழித்து நிற்கிறது.

வெயில் தாங்கவில்லை என்றால் நாம் நிழலுக்கு ஓடலாம். முருங்கைக்கு அந்த வசதி இல்லை. இலையால் பயன்படுத்த முடிந்ததைவிட அதிகமான ஒளி அதன்மேல் விழுகிறது. மிஞ்சும் ஆற்றல் ஆக்சிஜனை உசுப்பிவிட்டு இலையின் செல்களையே அரிக்கும் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அதைச் சமாளிக்க இலை தனக்காகச் சில பொருள்களைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. குவர்செடின், கேம்ஃபெரால் போன்ற ஃபிளேவனாய்டுகள் புற ஊதாக் கதிரை மேல்தோலிலேயே வாங்கிக்கொள்கின்றன. பீட்டா கரோட்டின் மிஞ்சிய ஒளியாற்றலைத் தணிக்கிறது. வைட்டமின் சி ஆக்சிஜனின் சீற்றத்தை அடக்குகிறது. நாம் ஆன்டிஆக்ஸிடன்ட் என்று சொல்வது இவற்றைத்தான்.

இன்று முருங்கைப் பொடி, கருப்பட்டி, கிரீன் டீ என எதன் உறையைத் திருப்பினாலும் ‘ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது’ என்ற வரி இருக்கிறது. இலை தனக்காகச் செய்துகொண்ட பொருள் நம் வயிற்றுக்குள் போனால் நமக்கும் அதே வேலையைச் செய்யுமா? முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அறிவியல் இதற்குச் சொன்ன பதில் வேறு. இன்று சொல்கிற பதில் வேறு. புதிய பதில் பழையதைவிடச் சுவையானது. சாப்பாட்டுத் தட்டுக்கும் அதுவே பொருத்தமானது.

மூச்சு விடுவதால் வரும் தொல்லை

நாம் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் செலவாகிறது. சோற்றிலிருந்தும் மீனிலிருந்தும் பிரித்தெடுத்த எலக்ட்ரான்கள் அங்கே ஒரு புரதத்திலிருந்து அடுத்த புரதத்துக்குக் கைமாறிக்கொண்டே போய், கடைசியில் ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகின்றன. இந்தக் கைமாற்றத்தில் கிடைக்கும் ஆற்றலில்தான் இதயம் துடிக்கிறது, மூளை யோசிக்கிறது.

எல்லா எலக்ட்ரானும் ஒழுங்காகக் கடைசிவரை போய்ச் சேருவதில்லை. சில பாதி வழியில் நழுவி ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது பிறப்பது சூப்பர்ஆக்சைடு. இணை இல்லாத ஒற்றை எலக்ட்ரானோடு திரிவதால் இது ஃப்ரீ ராடிகல் வகையைச் சேர்ந்தது. சூப்பர்ஆக்சைடு ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறும். அந்த நேரம் பார்த்துக் கட்டில்லாத இரும்பு அயனி அருகில் இருந்தால் ஹைட்ராக்சில் ராடிகல் உருவாகும். அதை அடக்குவதற்கென்று நம் உடம்பில் எந்த நொதியும் கிடையாது. பிறந்த இடத்திலேயே பக்கத்தில் எது கிடைக்கிறதோ, டிஎன்ஏவோ புரதமோ சவ்வின் கொழுப்போ, அதைத் தாக்கிவிடும். கொழுப்பில் விழுந்தால் ஒன்று அடுத்ததைக் கெடுக்க, அது அதற்கடுத்ததைக் கெடுக்க, தொடர்வினையாகப் பரவும். பழைய எண்ணெயில் சிக்கு வாடை அடிப்பதற்குக் காரணமும் இதே வேதிவினைதான்.

முதுமைக்கு அடிப்படைக் காரணமே இந்த ராடிகல்கள் செய்யும் சேதம்தான் என்று அமெரிக்க விஞ்ஞானி டென்ஹாம் ஹார்மன் 1956-இல் எழுதினார். உடம்பு சும்மா இருக்கவில்லை என்பது 1969-இல் தெரிந்தது. டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும், சூப்பர்ஆக்சைடை மட்டுமே குறிவைத்து நீக்கும் நொதி ஒன்று நம் இரத்தத்திலேயே இருப்பதைக் காட்டினார்கள். அதன் பெயர் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ். அது விட்டுச்செல்லும் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கேட்டலேஸும் குளூட்டாதையோன் பெராக்சிடேஸும் தண்ணீராக்கிவிடுகின்றன. ஆக, முருங்கைக்கீரை வயிற்றுக்குள் போவதற்கு முன்பே செல்லுக்குச் சொந்தமாக ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது.

இந்த மூலக்கூறுகளை முழுக்க எதிரிகளாக நினைப்பதும் தவறு. கிருமியை விழுங்கிய வெள்ளணு அதைக் கொல்வதற்குச் சூப்பர்ஆக்சைடைத்தான் வேண்டுமென்றே தயாரிக்கிறது. சிறிய அளவு ஹைட்ரஜன் பெராக்சைடு, செல்லுக்குள் ஒரு புரதம் அடுத்த புரதத்துக்குச் செய்தி சொல்லப் பயன்படுகிறது. அளவு மீறும்போதுதான் ஆபத்து.

பழைய விளக்கம் எங்கே பொருந்துகிறது?

ராடிகலுக்கு எலக்ட்ரான் குறைகிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் தன்னிடமுள்ள எலக்ட்ரானைக் கொடுத்து அதை அடக்கிவிடுகிறது. இதுதான் பள்ளிப் பாடம் முதல் விளம்பரம் வரை எல்லோரும் சொல்லும் விளக்கம். வைட்டமின்களைப் பொறுத்தவரை இது சரியே. வைட்டமின் ஈ கொழுப்பில் கரையும். ஆகவே செல் சவ்வுக்குள் உட்கார்ந்து கொழுப்பின் தொடர்வினையை அறுக்கிறது. அறுத்த பிறகு தானே ஒரு வலுவற்ற ராடிகலாகிவிடுகிறது. சவ்வின் ஓரத்தில், தண்ணீர்ப் பகுதியில் இருக்கும் வைட்டமின் சி தன் எலக்ட்ரானைக் கொடுத்து அதை மீட்கிறது. எலக்ட்ரானை இழந்த வைட்டமின் சியை, செல்லே தயாரிக்கும் குளூட்டாதையோன் முதலியவை மீட்கின்றன. வைட்டமின் சியை மனித உடம்பால் தயாரிக்க முடியாது. முருங்கைக்கீரை, நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை என்று உணவிலிருந்துதான் வர வேண்டும்.

குவர்செடின் முதலான, இலைகளில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்களிடம் வரும்போதுதான் கணக்கு இடிக்கிறது. சோதனைக் குழாயில் குவர்செடின் ராடிகல்களை வெகு வேகமாக அடக்கும். ஆனால் சாப்பிட்ட குவர்செடின் அதே வடிவில் செல்லுக்குள் போவதில்லை. உடம்பு அதை ஓர் அந்நியப் பொருளாகவே நடத்துகிறது. குடல் சுவரும் கல்லீரலும் அதன்மேல் குளுக்குரோனிக் அமிலம், சல்ஃபேட், மீத்தைல் ஆகியவற்றை ஒட்டிச் சிறுநீர் வழியே அனுப்பிவிடப் பார்க்கின்றன. சாப்பாட்டுக்குப் பிறகு இரத்தத்தில் இத்தகைய பொருள்களின் அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 1 மைக்ரோமோலைத் தாண்டுவதில்லை. இரத்தத்தில் வைட்டமின் சி மட்டும் சுமார் 50 மைக்ரோமோல் இருக்கும். செல்லுக்குள் இருக்கும் குளூட்டாதையோனோ 1,000 முதல் 10,000 மைக்ரோமோல் வரை. இவ்வளவு எலக்ட்ரான் கையிருப்பு உள்ள இடத்தில் 1 மைக்ரோமோல் வந்து சேர்ந்து எதைத் தூக்கி நிறுத்திவிடப் போகிறது?

இதனால்தான், உணவுப் பொருள்களைச் சோதனைக் குழாயில் அளந்து ‘ஓராக்’ என்ற மதிப்பெண் கொடுத்துவந்த பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறை 2012-இல் தன் இணையதளத்திலிருந்து நீக்கியது. அந்த எண்ணுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பில்லை என்பதே அது சொன்ன காரணம். அந்த மதிப்பெண்ணைக் காட்டி விற்கும் பொட்டலங்கள் இன்னும் சந்தையில் இருக்கின்றன.

மாத்திரையாக்கியபோது நடந்தது

பழைய விளக்கம் முழு உண்மை என்றால், ஆன்டிஆக்ஸிடன்டை மாத்திரையாக அள்ளிக் கொடுத்தால் நோய் குறைந்திருக்க வேண்டும். அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, இரண்டும் சேர்த்து, இரண்டும் இல்லாத வெற்று மாத்திரை என்று நான்கு பிரிவுகள். தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது என்று 1994-இல் முடிவு வெளியானது. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் என 18,314 பேரிடம் பீட்டா கரோட்டினையும் வைட்டமின் ஏ-வையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வை, குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்பே 1996-இல் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் கூடியிருந்தது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த இன்னோர் அமெரிக்க ஆய்வில், வைட்டமின் ஈ மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு புரோஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது.

உடற்பயிற்சியைப் பற்றிய ஓர் ஆய்வும் இங்கே முக்கியம். பயிற்சி செய்யும் இளைஞர்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாமல் பயிற்சி செய்தவர்களின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இணங்கத் தொடங்கியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த மைக்கேல் ரிஸ்டோவின் குழு 2009-இல் இதை வெளியிட்டது. பயிற்சியின்போது தசையில் கொஞ்சம் கூடும் ராடிகல்கள்தாம் ‘தயாராகு’ என்று செல்லுக்குச் சொல்லும் செய்தி. மாத்திரை அந்தச் செய்தியைப் போய்ச் சேரவிடாமல் அழித்துவிட்டது.

காய்கறியும் கீரையும் அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு இதய நோய் குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது. மாத்திரை அதைச் செய்யவில்லை. அப்படியானால் கீரை வேறு ஏதோ ஒரு வழியில் வேலை செய்கிறது.

காரத்தில் இருக்கும் சேதி

முருங்கையின் பச்சை இலையை நாலைந்து கிள்ளி வாயில் போட்டு மென்று பாருங்கள். முதலில் பச்சை வாடை, பிறகு லேசான கசப்பு, அதன் பின்னால் கடுகை நினைவூட்டும் ஒரு காரம் நாக்கின் பின்பகுதியில் ஏறும். இலை மரத்தில் முழுசாக இருந்தவரை அந்தக் காரம் அதில் இல்லை. நீங்கள் மென்றபோதுதான் அது உண்டாயிற்று.

முருங்கை இலையில் குளுக்கோமோரிங்கின் என்ற கந்தகச் சேர்மம் இருக்கிறது. மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் அறையில் தனியாக இருக்கிறது. பூச்சி கடித்தாலோ நாம் கசக்கினாலோ அறைகள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது பிறக்கும் ஐசோதயோசயனேட் என்ற பொருள்தான் காரத்துக்குக் காரணம். இலைக்கு இது பூச்சியை விரட்டும் ஆயுதம். கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ், பிராக்கோலி ஆகியவற்றிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் உண்டு. முருங்கையினுடையதற்கு ஒரு தனிச்சிறப்பு இருக்கிறது. அதன் மூலக்கூறில் ராம்னோஸ் என்ற சர்க்கரை ஒன்று சேர்ந்திருப்பதால், மற்றவற்றைப் போலச் சீக்கிரம் ஆவியாகிப் போய்விடாமல் நிலைத்து நிற்கிறது.

அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் தலாலேயின் குழு 1992-இல் பிராக்கோலியிலிருந்து சல்ஃபோராஃபேன் என்ற ஐசோதயோசயனேட்டைப் பிரித்தெடுத்தது. அந்தப் பொருள் தானாக ராடிகலைப் பிடித்து அடக்கும் வகை அல்ல. ஆனால் செல்லில் அதைச் சேர்த்தால், நச்சை நீக்கும் நொதிகள் பல மடங்கு பெருகின. ஏன் என்று அப்போது முழுதாக விளங்கவில்லை. விடை ஜப்பானிலிருந்து வந்தது. மசயுகி யமமோட்டோவும் கென் இட்டோவும் 1997-இல் என்.ஆர்.எஃப்-2 என்ற புரதம் இந்த நொதிகளுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுவதைக் காட்டினார்கள். 1999-இல் அதைக் கட்டிவைத்திருக்கும் கீப்-1 என்ற இன்னொரு புரதத்தையும் கண்டுபிடித்தார்கள்.

நடப்பது இதுதான். செல் ஓயாமல் என்.ஆர்.எஃப்-2 புரதத்தைத் தயாரித்துக்கொண்டே இருக்கிறது. கீப்-1 அதைப் பிடித்துச் சிதைக்கும் இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அதனால் சாதாரண நேரத்தில் ஒரு என்.ஆர்.எஃப்-2 மூலக்கூறின் ஆயுள் சில நிமிடங்கள்தான். கீப்-1 புரதத்தின் உடலில் சிஸ்டைன் என்ற அமினோ அமிலங்கள் பல இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு கந்தக அணு. ஐசோதயோசயனேட் போய் அந்தக் கந்தகத்தில் ஒட்டிக்கொண்டால் கீப்-1 பிடி தளர்ந்துபோகிறது. சிதைவிலிருந்து தப்பிய என்.ஆர்.எஃப்-2 செல்லின் உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவில் தனக்கென்று குறித்த இடங்களில் அமர்கிறது. இருநூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. குளூட்டாதையோன் தயாரிக்கும் நொதிகள், நச்சுப் பொருளைப் பிணைத்து வெளியேற்றும் நொதிகள், கட்டில்லாத இரும்பைப் பத்திரப்படுத்தும் புரதங்கள் எல்லாம் கூடுதலாக உற்பத்தியாகின்றன.

தூத்துக்குடித் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவது இந்தக் கடற்கரையில் எல்லோருக்கும் தெரிந்தது. கூண்டு புயலைத் தடுப்பதில்லை. கூண்டு ஏறியதும் படகுகள் கரையேறுகின்றன, வலைகள் கட்டப்படுகின்றன, கயிறுகள் இறுக்கப்படுகின்றன. முருங்கையின் காரப்பொருள் செல்லுக்குள் செய்வது அந்தக் கூண்டின் வேலை. காரப்பொருள் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். அது கிளப்பிவிட்ட நொதிகள் அதன் பிறகும் நின்று வேலை செய்யும். ஒரு வைட்டமின் சி மூலக்கூறு தன் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டால் அத்தோடு ஓய்ந்துபோகும். யாராவது அதை மீட்க வேண்டும். ஒரு நொதி மூலக்கூறோ ஒன்றன்பின் ஒன்றாக எண்ணற்ற ராடிகல்களை அடக்கிக்கொண்டே இருக்கும். 1 மைக்ரோமோலுக்கும் குறைவான பொருளால் எப்படிப் பெரிய விளைவு வருகிறது என்ற புதிருக்கு விடை இது.

குவர்செடின், குளோரோஜெனிக் அமிலம் போன்ற பாலிஃபீனால்களும் இதே கதவைத் தட்டுகின்றன. அவற்றில் பல, முதலில் தாமே ஆக்சிஜனேற்றமடைந்து குயினோன் என்ற வடிவத்துக்கு மாறி, பிறகுதான் கீப்-1 புரதத்தின் கந்தகத்தோடு சேருகின்றன. செல்லின் பார்வையில் இவை லேசான தொந்தரவு. அந்தச் சிறு தொந்தரவுதான் தற்காப்பை எழுப்புகிறது. சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் மிஞ்சும் பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் சிறு அமிலங்களாக உடைந்து, அந்த வடிவில் இரத்தத்தில் சேருகிறது. குடல் சுவரின் செல்கள்தாம் இவற்றை அதிக அடர்த்தியில் சந்திக்கின்றன.

அளவு ஏன் முக்கியம்?

தற்காப்பை எழுப்புவது நல்லது என்றால் எந்நேரமும் எழுப்பியே வைத்திருக்கலாமே என்று தோன்றும். அதற்கு எதிரான சான்று புற்றுநோய் மருத்துவத்தில் இருக்கிறது. நுரையீரல் புற்றுநோய்கள் சிலவற்றில் கீப்-1 மரபணு பழுதாகி, என்.ஆர்.எஃப்-2 நிரந்தரமாக விழித்தே இருக்கிறது. அந்தப் புற்றுநோய்ச் செல்கள் சிகிச்சை மருந்துகளைக்கூட நச்சு என்று எண்ணி வெளியேற்றிவிட்டுப் பிழைத்துக்கொள்கின்றன. எழுந்து அடங்குவதுதான் ஆரோக்கியமான செல்லின் இயல்பு. உணவில் வரும் கீரை அப்படித்தான் வேலை செய்கிறது: சாப்பிட்டதும் எழுப்புகிறது, சில நாளில் அடங்கவிடுகிறது. செறிவூட்டிய மாத்திரைகளுக்கு இந்த அடக்கம் இயல்பாக அமைவதில்லை.

முருங்கையை மனிதர்களிடம் சோதித்த ஆய்வுகள் நம் நாட்டிலும் உண்டு. லூதியானாவில் பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாதவிடாய் நின்ற பெண்கள் 90 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு தினம் 7 கிராம் முருங்கை இலைப் பொடியையும், இன்னொரு குழு தினம் 9 கிராம் தண்டுக்கீரைப் பொடியையும் மூன்று மாதம் உணவில் சேர்த்துக்கொண்டது. முருங்கை சேர்த்தவர்களின் இரத்தத்தில், கொழுப்பு கெட்டுப்போனதைக் காட்டும் மாலோன்டைஆல்டிஹைடு சுமார் 16 சதவீதம் குறைந்தது; சாப்பிடாத நேரத்துச் சர்க்கரையும் குறைந்தது; குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் போன்ற சொந்த நொதிகள் கூடின. சிறிய ஆய்வுதான், இதை வைத்து எந்த நோயும் தீரும் என்று சொல்லக்கூடாது. ஆனால் கூடியவற்றில் உடம்பின் சொந்த நொதிகளும் இருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். அது மேலே சொன்ன விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

வெற்றிலையும் கருப்பட்டியும்

இந்த வட்டாரத்தின் மற்ற இரண்டு பேர்பெற்ற பொருள்களையும் இதே கண்ணால் பார்த்துவிடலாம். பக்கத்தில் ஆத்தூர் வெற்றிலை புவிசார் குறியீடு பெற்றது. வெற்றிலையில் யூஜினால், ஹைட்ராக்சிசாவிகால் என்ற ஃபீனால்கள் இருக்கின்றன. சோதனைக் குழாயில் இரண்டும் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்கள். ஆனால் வெற்றிலையைத் தனியாக யாரும் மெல்வதில்லை. பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்ததும் வாய் சிவக்கிறது. அந்தச் சிவப்பு, பாக்கின் ஃபீனால்கள் சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஆக்சிஜனேற்றம் அடைவதால் வருவது. அந்த வினையின்போதே சூப்பர்ஆக்சைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வாய்க்குள் வெளிப்படுகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெயர் வாங்கிய அதே ஃபீனால் வகை, சூழல் மாறியதும் ராடிகலைப் பிறப்பிக்கும் பொருளாகிவிடுகிறது. பாக்கு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கை ஐயமில்லாமல் சொல்கிறது. புகையிலை சேராவிட்டாலும் அது பொருந்தும். வெற்றிலையின் நல்ல பெயரைச் சொல்லிப் பாக்குப் போடும் பழக்கத்துக்கு நியாயம் தேடக்கூடாது.

உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்ற பொருள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கும் பதநீரைக் காய்ச்சி, பாகாக்கி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். காய்ச்சும்போது சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்து உண்டாகும் பழுப்பு நிறப் பொருள்களுக்கும், பதநீரில் ஏற்கெனவே உள்ள ஃபீனால்களுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் குணம் உண்டு. வெள்ளைச் சர்க்கரையில் அவையும் இல்லை, தாது உப்புகளும் இல்லை. ஆனாலும் கருப்பட்டியில் மிகப் பெரும்பகுதி சர்க்கரைதான். இரத்தச் சர்க்கரை ஏறினால் செல்லுக்குள் ராடிகல்களும் கூடுகின்றன. நீரிழிவு உள்ளவர்கள் ‘கருப்பட்டிதானே’ என்று அளவில்லாமல் சேர்த்துக்கொள்வது தீங்கு. மற்றவர்கள் எப்படியும் இனிப்புச் சேர்க்கப்போகிற இடத்தில், கலப்படமில்லாத கருப்பட்டியை வாங்கினால் பனையேறிகளின் உழைப்புக்கு விலை கிடைக்கும். அதுவே போதுமான காரணம். மருந்து என்ற பட்டம் அதற்குத் தேவையில்லை.

அடுப்படியில் கவனிக்க வேண்டியவை

மைரோசினேஸ் நொதி சூட்டில் செயலிழந்துவிடும். முழு இலையை அப்படியே கொதிநீரில் போட்டால் காரப்பொருள் உருவாவதற்கு முன்பே நொதி போய்விடும். ஈர்க்கிலிருந்து உருவிய இலையைக் கழுவி, லேசாக நறுக்கியோ கசக்கியோ சில நிமிடம் வைத்துவிட்டு, பிறகு அடுப்பில் ஏற்றினால் காரப்பொருள் முன்னதாகவே உருவாகிவிடும். முருங்கையின் காரப்பொருள் எளிதில் ஆவியாகாதது என்பதால் சமைத்த பின்னும் ஒரு பகுதி தங்கும். நொதியிடம் தப்பிய மூலப்பொருளில் கொஞ்சத்தைக் குடல் நுண்ணுயிரிகளும் மாற்றிக்கொடுக்கும்.

பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரையும். அதனால் தேங்காய்த் துருவலோ ஒரு கரண்டி எண்ணெயோ சேர்த்து வதக்குவது ருசிக்கு மட்டுமல்ல, அது உடம்பில் ஒட்டுவதற்கும் தேவை. அப்படி ஒட்டும் பீட்டா கரோட்டினைத்தான் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. மாத்திரையில் புகைபிடிப்பவருக்குத் தீங்கு செய்த அதே பொருள், கீரையாக வரும்போது குழந்தையின் கண்ணைக் காக்கிறது. வைட்டமின் சி தண்ணீரில் கரைந்து சூட்டில் குறையும். எனவே வெந்த நீரைக் கொட்ட வேண்டாம், அதிக நேரம் வேகவைக்கவும் வேண்டாம். கீரையில் உள்ள இரும்பு எளிதில் உடம்பில் சேராத வகை. இறக்கிய பிறகு எலுமிச்சை பிழிந்தால் அது சேருவது கூடும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் குறையும். பொடியாக்கி வைப்பவர்கள் நேர் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தினால் கரோட்டின் கூடுதலாக மிஞ்சும்.

எச்சரிக்கையும் உண்டு. கீரையில் வைட்டமின் கே நிறைய இருப்பதால், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் முருங்கைச் சாற்று மாத்திரைகளைத் தாமாகத் தொடங்கக்கூடாது. மரத்தின் வேரும் பட்டையும் உணவல்ல.

முருங்கை ஏற்றுமதிக்காகத் தமிழ்நாடு அரசு அறிவித்த மாவட்டங்களில் தூத்துக்குடியும் ஒன்று. இலைப் பொடி வெளிநாட்டுக்குப் போவது நல்லதே. காய் விலை சரிந்த நாளில் விவசாயிக்கு அது கைகொடுக்கும். அந்த இலை, விளைந்த ஊரின் சோற்றுத் தட்டிலும் தவறாமல் விழ வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் முருங்கைக்கீரை, மற்ற நாளில் வேறு கீரை, கூடவே கொய்யாவோ நெல்லியோ, அளவான நடை. இவ்வளவு செய்தால் செல் தன் காவலைத் தானே பார்த்துக்கொள்ளும். கொல்லையில் முருங்கை நிற்கும் வீட்டில் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டிய அவசியம் இல்லை.